பலூனை ஊதாமல் உப்ப வைப்பது எப்படி

"மூச்சு எப்படி உள்ளே போகுது?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளில் முப்பத்தெட்டுப் பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள். மூக்கு காற்றை இழுக்கிறது, காற்று நிறைந்ததும் நெஞ்சு விரிகிறது. மீதி இரண்டு பேர் அன்றைக்கு லீவு. தென்காசிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அறிவியல் நடத்தினேன். கடைசி வருஷம் வரை அந்தப் பதில் மாறவில்லை. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தபோது நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நடப்பது தலைகீழ். முதலில் நெஞ்சு விரிகிறது. விரிவதால் காற்று உள்ளே வருகிறது. கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் படியில் தொங்குகிறவர் எப்படி உள்ளே போகிறார்? உள்ளே நாலு பேர் இறங்கி இடம் விட்டதும், பின்னால் நிற்கிறவர்களின் நெரிசலே அவரை உள்ளே தள்ளிவிடும். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றும் எப்போதும் நெருக்கிக்கொண்டுதான் நிற்கிறது. உள்ளே இடம் விட வேண்டியது மட்டும்தான் நம் வேலை. இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், பரீட்சையில் பழைய பதிலையே எழுதுவார்கள். கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குத்தான் பாட்டில். புதிதாக வேலைக்கு வந்த டீச்சர்களும், வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாவும் செய்து பார்க்கும்படி எழுதுகிறேன்.

பாட்டிலுக்கு முன்னால் ஒரு சிரிஞ்சு. மெடிக்கல் ஷாப்பில் 10 மில்லி சிரிஞ்சு ஊசியில்லாமல் வாங்குங்கள். உள்தண்டைப் பாதி வரை இழுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு, மேலும் இழுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியின் சதை உள்ளே இழுபடும். தண்டை விட்டால் பழைய இடத்துக்கே ஓடும். உள்ளே அடைபட்ட காற்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடம் மட்டும் பெரிதானது, அதனால் அழுத்தம் குறைந்தது. 1662-ல் ராபர்ட் பாயில் அச்சில் ஏற்றியது இந்தக் கணக்கைத்தான். தண்டை இழுத்த நிலையில் விரலை எடுத்தால் வெளிக்காற்று புஸ்ஸென்று உள்ளே போகும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது செய்யட்டும். முன்பெஞ்சுக்காரர்கள் மட்டும் செய்து பார்த்தால் போதாது.

இனி பாட்டில். ஒன்றேகால் லிட்டர் கலர் பாட்டில்தான் வேண்டும். கேஸ் அடைப்பதற்காக அதைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள். தண்ணீர் பாட்டில் மெல்லிசு. அடியில் ரப்பரை இழுத்தால் பலூன் உப்புவதற்குப் பதிலாக பாட்டிலே ஒடுங்கிக்கொள்ளும். ஆனாலும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பாட்டிலின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை ஆக்ஸா பிளேடால் கீறி, கத்தரியால் வெட்டி எடுங்கள். வெட்டிய விளிம்பில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. இதைச் சோம்பலில் விட்டால் விளிம்பு ரப்பரை அறுத்துவிடும். மூடியில் துளை போட, ஓர் ஆணியைக் குறட்டில் பிடித்து மெழுகுவர்த்தியில் காய்ச்சுங்கள். இது பெரியவர்கள் வேலை. அதில் இரண்டு குழாய்களைச் சேர்த்து நுழைத்து, கீழ்நுனிகளை இரண்டு பக்கமாகச் சாய்த்து விடுங்கள். ஒவ்வொரு நுனியிலும் ஒரு சின்ன பலூன். பலூனை முதலில் நாலைந்து தடவை வாயால் ஊதி இளக்கிவிடுங்கள். புது பலூன் முரண்டு பிடிக்கும்.

குழாய்க்கு நான் முதலில் ஜூஸ் ஸ்ட்ரா வைத்தேன். பலூன் கழன்று விழாமலிருக்க நூலை இறுக்கிக் கட்டினால் ஸ்ட்ரா ஒடுங்கிப் பாதை அடைத்துக்கொண்டது. அப்புறம் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவின் வெளிக்கூடு. கெட்டியாக நின்றது. இந்தத் தோல்வியையும் வகுப்பில் காட்டுங்கள். நம் மூச்சுக்குழலுக்கும் இதே கஷ்டம் உண்டு, அதற்காகத்தான் வளையங்கள். குரல்வளை மேட்டுக்குக் கீழே விரல் வைத்துத் தடவினால் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டுப்படும். 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள். முழு வட்டம் கிடையாது. பின்பக்கம் திறந்திருக்கும் லாடம் மாதிரி. அந்தத் திறந்த பக்கத்தை ஒட்டித்தான் உணவுக்குழல் இறங்குகிறது. பெரிய கவளமாக விழுங்கும்போது அது கொஞ்சம் பிதுங்கிக்கொள்ள இடம் வேண்டாமா?

மூடித் துளையின் இடைவெளியை எம்-சீல் வைத்து அடைத்து, ஒரு ராத்திரி காய விடுங்கள். கடைசியாக ஒரு பெரிய பலூன். அதன் கழுத்தில் முடிச்சுப் போட்டு, தலைப்பக்கத்தை வெட்டிவிட்டு, பாட்டிலின் திறந்த அடியில் இழுத்து மாட்டி டேப் சுற்றுங்கள். முடிச்சு வெளியே கைப்பிடி போலத் தொங்கும். இந்த ரப்பர்தான் உதரவிதானம். நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே கிடக்கும் தசைத்தட்டு. விக்கல் வருவது இது திடீரென்று வெட்டி இழுப்பதால்தான் என்று சொன்னால் வகுப்பே ஒரு நிமிஷம் விக்கிக் காட்டும். காட்டட்டும்.

முடிச்சைப் பிடித்துக் கீழே இழுங்கள். உள்ளே இரண்டு பலூனும் உப்பும். விட்டால் சுருங்கும். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை எழுந்து, "யாரு டீச்சர் ஊதுதா? ஒருத்தரும் ஊதலயே!" என்று கேட்டாள். பாடம் அங்கேதான் தொடங்கும். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "எது முதல்ல அசையுதுன்னு பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக இழுத்துக் காட்டுங்கள். ரப்பர் முதலில், பலூன் அப்புறம். நாலாவது தடவையில் ஒருத்தர் கண்டுபிடிப்பார்.

முதன்முதலில் இதை நான் செய்துகாட்டிய நாள் மறக்காது. ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ரப்பரை இழுக்கிறேன், பலூன் அசையவில்லை. இன்னும் இழுக்கிறேன். ம்ஹூம். முந்தின ராத்திரி மூடியில் துளை போடும்போது ஆணி நழுவி பாட்டிலின் பக்கவாட்டிலும் பட்டு ஒரு பொட்டுத் துளை விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. முன்வரிசைப் பையன் காதை அருகே கொண்டுவந்து, "இங்கன புஸ்ஸுங்குது டீச்சர்" என்று விரலை வைத்து அடைத்தான். பலூன் உப்பியது. விரலை எடுத்தான், சுருங்கியது. அதிகாரி என்ன எழுதிக்கொண்டு போனாரோ, அன்றிலிருந்து நான் எல்லாப் பாட்டிலிலும் வேண்டுமென்றே ஒரு துளை போட்டு, டேப் ஒட்டி வைத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் அந்தத் துளை ஒரு நிஜமான நோய். விபத்தில் விலா எலும்பு முறிந்து குத்தினாலோ, நுரையீரலின் மேற்பரப்பு எங்காவது கிழிந்தாலோ, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்துவிடும். நெஞ்சு விரியும், நுரையீரல் கூட வராது. நுரையீரலுக்குத் தன்னால் சுருங்கிக்கொள்ளும் குணம் உண்டு, பலூன் மாதிரியே. நடுவே இருக்கும் குறைந்த அழுத்தம்தான் அதை நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது. ஓட்டை விழுந்தால் பிடி போய்விடும். டிபிக்கு மருந்து இல்லாத காலத்தில், நோய்ப்பட்ட நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக டாக்டர்களே ஊசி வழியாகக் காற்றை ஏற்றி அதைச் சுருங்க வைத்தார்கள். 1880-களில் இத்தாலியில் கார்லோ ஃபோர்லானினி என்பவர் தொடங்கிவைத்தது.

எடுத்து வைத்த தண்ணீர் பாட்டிலிலும் இதே அமைப்பைச் செய்து, பலூனுக்குப் போகும் குழாய்களைப் பாதி அடைத்துவிட்டு ரப்பரை வெடுக்கென்று இழுங்கள். பாட்டிலின் பக்கம் உள்ளே குழியும். கைக்குழந்தைக்கு நிமோனியா வந்தால் இதுதான் நடக்கும். நுரையீரல் விறைத்துப்போய் விரிய மறுக்கும். உதரவிதானம் பலமாக இழுக்கும். குழந்தையின் இளம் நெஞ்சு கெட்டியாக நிற்காமல், மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே போகும். கிராம செவிலியர் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்ப்பது அதற்குத்தான். கூடவே மூச்சையும் ஒரு முழு நிமிஷம் எண்ணுவார்கள். 2 மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் இருந்தால் நிமிஷத்துக்கு 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் வேகமான மூச்சு. அப்படி இருந்தாலோ, நெஞ்சு குழிந்தாலோ, கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இந்தப் பாட்டிலை ஆள் படுக்கும் அளவுக்குப் பெரிதாக்கியும் இருக்கிறார்கள். போலியோவில் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களை, தலை மட்டும் வெளியே இருக்க, ஓர் இரும்புப் பெட்டிக்குள் படுக்க வைத்து, பெட்டிக்குள் அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டுவார்கள். குறையும்போது நெஞ்சு விரியும், மூக்கு வழியாகக் காற்று போகும். இரும்பு நுரையீரல் என்று பெயர். 1928-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் முதல் நோயாளி அதில் படுத்தார். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவி பெட்டிகள் போதாமல் போனபோதுதான், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைத் தள்ளும் முறையைப் பெரிய அளவில் கையாண்டார்கள். மருத்துவ மாணவர்கள் முறை வைத்து ராப்பகலாக அமுக்கினார்கள். கொரோனாவில் நாம் கேள்விப்பட்ட வென்டிலேட்டர் அந்த வழியில் வந்தது. அது ஊதுகிறது, நம் உடம்பு ஊதுவதில்லை.

பாட்டில் உதவும்தான், ஆனால் பொய்யும் சொல்லும். அந்தப் பொய்களைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் அவற்றையும் படித்துக்கொள்வார்கள்.

பாட்டிலில் ரப்பர் தட்டையாக இருந்து கீழே தொங்குகிறது. நம் உதரவிதானம் கவிழ்த்த சட்டி போல மேல்நோக்கி வளைந்திருக்கும். சுருங்கும்போது தட்டையாகும். சும்மா இருக்கும்போது ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். ஆழமாக இழுத்தால் 10 சென்டிமீட்டர் வரைகூடப் போகும். ஆகவே முடிச்சைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குங்கள், அங்கிருந்து கீழே கொண்டுவாருங்கள். மூச்சை விடுவதற்கு ரப்பரைத் தள்ளாதீர்கள். பிடியைத் தளர்த்தினாலே போதும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வெளியே போக எந்தத் தசையும் உழைப்பதில்லை. விளக்கை ஊதி அணைக்க, சத்தம் போட்டுக் கூப்பிட, அதற்குத்தான் வயிற்றுத் தசை வேண்டும்.

பாட்டில் சுவர் அசையாது, நம் விலா அசையும். வாளியின் கைப்பிடி ஓரமாகச் சாய்ந்து கிடக்கும்போது அதைத் தூக்கிப் பாருங்கள். மேலே எழும்போதே வெளிப்பக்கமும் விலகும். விலா எலும்புகள் அப்படித்தான் எழும்பும். பிள்ளைகள் இரண்டு உள்ளங்கையையும் கீழ்விலாவில் வைத்துக்கொண்டு மூச்சு இழுத்தால், முழங்கைகள் வெளியே போவது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

பாட்டிலுக்குள் பலூனைச் சுற்றிக் காலி இடம் கிடக்கிறது. நெஞ்சுக்குள் அப்படி இல்லை. இரண்டு மெல்லிய உறை, நடுவே கொஞ்சம் நீர், அவ்வளவுதான். இரண்டு கண்ணாடித் தகட்டை நனைத்து ஒட்டினால் நகருமே தவிர பிரியாது, அந்த மாதிரி. இரண்டு பலூனும் ஒரே அளவில் இருப்பதும் சரியில்லை. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. இதயத்துக்கு இடம் விட்டு இடது சற்றுச் சிறியது.

எல்லாவற்றிலும் பெரிய பொய், நுரையீரல் வெறும் பை என்பது. இதைப் போக்க ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போக வேண்டும். ஆட்டு நுரையீரலை மூச்சுக்குழலோடு, கத்தி படாமல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முதல் நாளே சொல்லி வைக்காவிட்டால் பாய் பழக்கத்தில் இரண்டாக வெட்டிவிடுவார். பார்க்க மாட்டாத பிள்ளைகளை வராண்டாவுக்கு அனுப்பிவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். மூச்சுக்குழலில் சைக்கிள் பம்பின் குழாயை நுழைத்துக் கட்டி அடியுங்கள். வாயால் ஊதவே கூடாது. கறுஞ்சிவப்பாகச் சுருண்டு கிடந்தது வெளிர் ரோஜா நிறத்தில் எழும்பும். குழாயைக் கழற்றினால் யாரும் அமுக்காமலே அடங்கும்.

அப்புறம் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதக்கும். அதே அளவு ஈரலைப் போடுங்கள், மூழ்கும். மூழ்குவது கல்லீரல், மிதப்பது நுரையீரல். பெயர் வைத்தவர் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாரோ என்று எனக்கு ஒவ்வொரு வருஷமும் தோன்றும். நுரை என்பதே சரியான சொல். சோப்பு நுரையில் குமிழ் குமிழாக இருப்பது போல, மனித நுரையீரலில் 30 கோடிக்கும் மேல் காற்று நுண்ணறைகள். மூச்சுக்குழல் இரண்டிரண்டாகக் கிளைத்துக் கிளைத்து, ஏறக்குறைய 23 தடவை பிரிந்து அங்கே போய்ச் சேர்கிறது. எல்லா அறைகளின் சுவரையும் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். எங்கள் பள்ளி வகுப்பறை 20-க்கு 20 அடி. இரண்டு வகுப்பறைத் தரையை நெஞ்சுக்குள் மடித்து வைத்திருக்கிறோம். அந்தச் சுவருக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம். நடுவே இருக்கும் தடிமன் ஒரு தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. ஆக்சிஜன் அந்தப் பக்கம் போகும், கார்பன் டை ஆக்சைடு இந்தப் பக்கம் வரும்.

வந்ததா என்று பார்க்க வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு போதும். கொட்டைப்பாக்களவு எடுத்து ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி, ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் ஸ்ட்ரா வைத்து ஊத வேண்டும், இன்னொன்றில் சைக்கிள் பம்பால் வெளிக்காற்றை அடிக்க வேண்டும். ஸ்ட்ராவின் மேல்பகுதியில் குண்டூசியால் ஒரு துளை போட்டுக்கொடுங்கள். யாராவது தவறி உறிஞ்சினாலும் சுண்ணாம்பு வாய்க்கு ஏறாது. கண்ணிலும் படக்கூடாது. ஊதிய டம்ளர் சீக்கிரமே பால் மாதிரி வெளுக்கும். பம்ப் அடிக்கிறவனுக்குக் கைதான் வலிக்கும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம், விடும் மூச்சில் 4 சதவீதம் அளவு, நூறு மடங்கு. ஆனால் விடும் மூச்சு முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு என்று பிள்ளைகள் எழுதுவதையும் திருத்துங்கள். 21 சதவீதம் ஆக்சிஜன் உள்ளே போய், 16 சதவீதம் திரும்பி வருகிறது. மயங்கியவர் வாயில் வாய் வைத்து ஊதினால் பலன் இருப்பது அந்த 16-னால்தான்.

இதற்கடுத்து மூச்சை அடக்கிப் பார்க்கச் சொல்லலாம், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துதான். முட்டி மோதி மூச்சு விட வைப்பது ஆக்சிஜன் பஞ்சம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது கார்பன் டை ஆக்சைடு சேர்வதால், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளம் அடிக்கும் மணி. 1905-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டியது இது. எங்கள் ஊரில் கோடை லீவில் பயல்கள் கிணற்றில் யார் அதிக நேரம் முங்குவது என்று பந்தயம் கட்டுவார்கள். முங்குவதற்கு முன் புஸ் புஸ்ஸென்று வேகமாகப் பத்திருபது மூச்சு விடுவார்கள், அப்படிச் செய்தால் தம் நிற்கும் என்று. தம் நிற்பது போலத் தோன்றுவது, அந்த வேக மூச்சில் கார்பன் டை ஆக்சைடு கழிந்துபோய் மணி அடிக்கத் தாமதமாவதால். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். முழாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் இதை மட்டும் நான் தனியாக நடத்துவேன், ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து.

ஆட்டு நுரையீரலை வேலை முடிந்ததும் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், மேலாகப் போட்டால் நாய் தோண்டிவிடும். தொட்ட எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பம்பின் குழாயையும் கழுவ வேண்டும். பாட்டிலில் ரப்பரையும் பலூன்களையும் கழற்றிப் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் எடுத்தால் ஒட்டிக்கொண்டு கிழியும். பாட்டிலும் மூடியும் பல வருஷம் வரும். பக்கத்துத் துளையில் ஒட்டிய டேப்பை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு பீரோவில் வையுங்கள்.